ஹவுகெட்டோவில் வெட்டிக் கிடந்த புல்

பேய் பிசாசு என்று யாராவது கதைத்தால் எழும்பிப் போகிறவன் நான். கணக்கு வாத்தியார். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், எனக்குக் கவலையில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். சிறு நகரம், சந்தையைத் தாண்டினால் கத்தோலிக்க மிஷன் நடத்திய ஆண்கள் பள்ளிக்கூடம். அங்கே தண்டனை என்றால் புல் வெட்டுவது. நாலு மூலையிலும் மரவள்ளித் தடி நட்டு ஒரு சதுரம் அளந்து கொடுப்பார்கள். வெட்டி முடித்தாலும் பையன் நகரக்கூடாது. தண்டனை கொடுத்தவரே வந்து பார்த்துப் போகச் சொல்ல வேண்டும், வேறு யார் சொன்னாலும் செல்லாது.

ஒபின்னா என்று ஒரு பையன். வகுப்பில் தன் தாய்மொழியில் கதைத்துவிட்டான், அவ்வளவுதான் குற்றம். அதிபராக இருந்த ஃபாதர், காய்ச்சலோடு நின்ற பிள்ளைக்குச் சதுரத்தை அளந்து கொடுத்துவிட்டு நகரத்துக்கு விருந்துக்குப் போய்விட்டார். அவன் வெட்டி முடித்துவிட்டு வெயிலில் நின்றான். போ என்று கத்தினேன். "ஃபாதர் வர வேண்டும், சேர்" என்றான். தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறேன், விழுந்து கிடக்கிறான். மலேரியா என்று சொல்லி அடக்கம் செய்தார்கள். சந்தையில் கிழங்கு விற்ற அவனுடைய தாய், மகனை நல்லபடி அடக்கம் செய்ததற்கு நன்றி என்று ஃபாதருக்கு ஒரு கோழி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மனிதர் கூசாமல் வாங்கிக்கொண்டார். உண்மையைச் சொல்லப்போன எனக்கு வேலை போனது.

பிறகு நோர்வேக்கு வந்து, ஒஸ்லோவின் ஓரம் ஹவுகெட்டோவில் குடியேறினேன். போன செப்டம்பர் ஒரு சனிக்கிழமை, எங்கள் குடியிருப்பில் டுக்னாட், எல்லோரும் சேர்ந்து வளவைத் துப்புரவாக்கும் நாள். அன்று பார்த்து எமேக்கா வந்தான். ஒபின்னாவின் வகுப்பில் படித்தவன், இப்போது பக்கத்து ஊர் லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறான். ஃபாதர் இறந்துவிட்டாராம், பழைய மாணவர்கள் ஒஸ்லோவில் நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம், நான் வந்து புகழ்ந்து பேச வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒபின்னாவைக் கொன்ற ஆளையா என்று கத்தினேன், வாஃபிள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நோர்வேக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மலேரியாதானே சேர் என்றான் எமேக்கா. அதற்குமேல் அங்கே இருக்கப் பொறுக்காமல் கட்டடத்தின் பின்பக்கம் போனேன், அவனும் வந்தான்.

நம்பினால் நம்புங்கள், பட்டப்பகல். காலையில் முழங்கால் உயரத்துக்கு நின்ற புல்லின் நடுவே ஒரு சதுரம் வெட்டிக் கிடந்தது. எங்களிடம் இருந்ததெல்லாம் கூட்டுகிற தும்புத்தடியும் குப்பைப் பையும். நாலு மூலையிலும் மரவள்ளித் தடி, ஒஸ்லோவில், தடியில் வெட்டின இடத்தில் பால்கூடக் காயவில்லை. எமேக்கா உள்ளே கால் வைக்கவில்லை. எனக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"போ ராசா, காணும். அந்தாள் இனி வராது, செத்துப்போச்சுது" என்றேன், வெறும் புல்லைப் பார்த்து, தமிழில்.

எமேக்கா குனிந்து தடியின் பாலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "சேர், அவனுடைய அம்மா இன்னும் இருக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டும்" என்றான்.

நினைவுக் கூட்டத்தை நிறுத்திவிட்டு, அடுத்த கிழமை என் வீட்டுக் குசினியில் இருந்தே அந்தத் தாய்க்குப் போன் எடுத்தான். விஷயத்தைத் தொடங்கக்கூட இல்லை, கிழவி தானாகவே சொன்னாளாம், மகன் சனிக்கிழமை வந்துவிட்டான், சாப்பிட்டுப் படுத்தான், "கணக்குச் சேர் என்னவோ ஒரு மொழியில் சொன்னார், போகச் சொல்கிறார் என்று நினைத்து வந்துவிட்டேன், அம்மா" என்றான் என்று.

வயதாகிவிட்டது, தடுமாறுகிறார் என்கிறான் எமேக்கா. இருக்கட்டும். எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது. இத்தனை வருடமும் அந்தப் பிள்ளை எங்கே நின்றான்?