மலை தெரியாத ஆடுகள்

எட்னா டைசனின் ஆடுகளுக்கு நோய் எதுவும் இல்லை. கோமாரி வந்தது பக்கத்துப் பண்ணை ஐசக் பர்கெட்டின் மாடுகளுக்குத்தான். ஆனால் நோய் வந்த பண்ணையை ஒட்டிய பண்ணைகளின் ஆடுமாடுகளையும் சுட்டு எரிக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. ஆடுகள் குட்டி போடுகிற நேரம். எட்னா அடுப்படியில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியும் சுடுகிற சத்தம் கேட்டது. புகை ஊரை விட்டுப் போக நாளாயிற்று.

ஐசக் அவளோடு பள்ளியில் படித்தவன். ஒருநாள் வாசல் கேட்டுக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எட்னா, நான் வேணும்னா செஞ்சேன்?"

"சந்தையில அந்த மாட்டை வாங்காதேன்னு ஊரே சொல்லிச்சு. கேட்டியா? போ, போயிரு."

அவள் கதவைத் திறக்கவில்லை.

மறு வருஷம் புது ஆடுகள் வாங்கினாள். அந்த மலையில் வேலி கிடையாது. எதுவரை மேயலாம் என்பதைக் குட்டிகள் தாய்க்குப் பின்னால் நடந்து நடந்துதான் பழகும். இவற்றுக்குச் சொல்லிக்கொடுக்கத் தாய் இல்லை. கண்டபடி இறங்கி ஊருக்குள் போயின.

"எட்னா, உன் ஆடுங்க கல்லறைப் பூவையெல்லாம் தின்னுட்டு, பாதிரியாரைத் தேடிட்டு இருக்குதுங்க!" என்று கத்தினான் மதுக்கடைக்காரன்.

விடிவதற்குள் நாயோடு மலையேறி, இருட்டும்வரை மறித்து நின்றாள். மழைக்காலத்து மூடுபனியில் ஒருநாள், எதிர்ச் சரிவில் யாரோ கோலை வீசி அவள் ஆடுகளைத் திருப்பிவிடுவது தெரிந்தது. ஐசக்.

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. இருமிட்டே நிக்கிறே, வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கிறேன்."

அவள் போகவில்லை. அவனைப் போகச் சொல்லவும் இல்லை. தினமும் வந்தான். ஆளுக்கொரு சரிவில் நின்று ஆடுகளை மறித்தார்கள்.

பனி உறைந்த தை மாதத்தில் ஐசக் பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். அவன் மகள் அவனைக் கார்லைல் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். தனியாளாக எட்னாவால் முடியவில்லை. ஆடுகளை விற்றுவிட்டு, அவனைப் பார்க்கப் போனாள்.

"ஆடுங்க மலையைப் பழகிடுச்சா?"

"வித்துட்டேன், ஐசக்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. அவனை மன்னித்துவிட்டதாகச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்திருந்தாள். கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, அதைச் சொல்லாமலே திரும்பினாள். மறுபடி போவதற்குள் அவன் இறந்துவிட்டான்.