கருத்தம்மாள் அளந்த கிணறுகள்

கருத்தம்மாளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. அவர் மூன்று வருடம் நடந்து சேர்த்ததை ஒரு காலைப்பொழுதில் அழித்தவன் நான். வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

திருப்புல்லாணிப் பக்கம் எங்கள் ஊர். அவர் எனக்கு அத்தை முறை. களையெடுப்பு, மிளகாய் பறிப்பு என்று கூப்பிட்ட காட்டுக்கெல்லாம் போவார். படிப்பு இல்லை, எண்கள் மட்டும் தெரியும். 2005இல் ஊருக்குக் கிழக்கே இறால் பண்ணை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. நான் வேலை பார்த்த சிறிய அறக்கட்டளை, பண்ணை வருவதற்கு முன்பே சுற்றுவட்டாரக் கிணறுகளை அளந்து வைக்க முடிவெடுத்தது. பிற்பாடு தண்ணீர் உப்பானால், முன்பு நல்ல தண்ணீர்தான் என்று காட்ட ஆதாரம் வேண்டுமே. அந்த வேலைக்கு வந்தவர் கருத்தம்மாள்.

பதினோரு கிணறு. செவ்வாய்தோறும் விடியும் முன் கிளம்பி, கருவேல முள்ளுக்குள் நடந்து, ஒவ்வொரு கிணற்றிலும் வாளி விட்டு இறைத்து, பேனா மாதிரி இருக்கும் உப்பு மீட்டரை முக்கி, எண்ணைச் சீட்டில் எழுதுவார். மழை, காய்ச்சல், மகள் கல்யாணம் எதற்கும் ஒரு செவ்வாய் தவறியதில்லை. சீட்டை என்னிடம் தருவார். நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஏற்றிய சீட்டுகளை மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டவனும் நான்தான். கம்ப்யூட்டரில் ஏறியபின் தாள் எதற்கு என்று அன்றைக்கு எனக்கு அத்தனை கர்வம்.

எங்கள் சர்வரில் இருந்தது ஒரே டிஸ்க். அதை ஐந்து பாகமாகப் பிரித்திருந்தார்கள். நிஜத்தில் தடுப்பு எதுவும் கிடையாது, எல்லாம் மென்பொருள் போட்ட கற்பனைக் கோடுதான். அந்தக் கோடுகளை நகர்த்த ஒரு மென்பொருள் கருவி உண்டு. திறந்தால் ஐந்து பாகமும் வண்ணக் கட்டங்களாகத் திரையில் தெரியும். மவுஸால் பிடித்து இழுத்தால் கட்டம் பெரிதாகும், தள்ளினால் சிறிதாகும். கட்டளை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அரைகுறைகளுக்கென்றே செய்தது போல இருந்தது. நானும் அதை வைத்துத்தான் எக்ஸ்பர்ட் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

2008 ஆடி மாதம். அந்த வருடப் பிறப்பில் பண்ணை வந்து, கிணறுகள் உப்பேறி, ஊர் கலெக்டருக்கு மனு கொடுத்திருந்த நேரம். ஆண்டுவிழாப் புகைப்படங்களை ஏற்ற இடம் போதவில்லை. நிர்வாகி பொன்னுச்சாமி அவசரப்படுத்தினார். கருவியைத் திறந்தேன். நான்கு கட்டங்கள் பயன்பாட்டில் இருந்தன. ஐந்தாவதற்குப் பெயரில்லை, வெறும் எண்தான். எதனோடும் இணைக்கப்படவில்லை என்று காட்டியது. தரிசாகக் கிடக்கிறது என்று நினைத்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் எக்ஸ்பர்ட் என்ற பெயர் என்னாவது? 'நீக்கு' என்பதை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றேன். பக்கத்துக் கட்டத்தை இழுத்து அந்த இடம் முழுக்கப் படர விட்டு, புகைப்படங்களைக் கொட்டினேன்.

முடிந்த வருடங்களின் கிணற்று அளவுகளை யாரும் கைதவறித் தொட்டுவிடக் கூடாதென்று, எனக்கு முன்னால் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போகும்போது ஒரு பாகத்தில் போட்டு, அதன் இணைப்பைக் கழற்றி வைத்திருக்கிறார். அதுதான் அந்த ஐந்தாவது கட்டம். பண்ணை வருவதற்கு முந்தைய அளவுகள் மொத்தமும் அதில் இருந்தன. மாதம் ஒருமுறை சிடியில் நகல் எடுப்பதும் என் வேலை. ஒரு மாதம்கூட எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பண்ணை மீதான விசாரணைக்குப் பொன்னுச்சாமி பழைய அளவுகளைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மின்வெட்டைச் சொன்னேன். திடீரென்று கரண்ட் போனதில் டிஸ்க் கெட்டுவிட்டது என்றேன். பொன்னுச்சாமி கத்தினார். சீட்டோடு வந்திருந்த கருத்தம்மாள் குறுக்கே புகுந்தார்.

"கரண்டு போனதுக்கு அவன் என்னய்யா செய்வான்? பாவம், அவனே அரண்டு போயி நிக்கிறான்."

அந்தப் 'பாவம்' என்ற சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

கலெக்டர் ஆபீஸில் விசாரணை நடந்த அன்று நானும் கூடப் போனேன். இந்தக் கிணறுகள் என்றைக்குமே உப்புதான் என்றது பண்ணைத் தரப்பு. அதிகாரி கருத்தம்மாளிடம் கேட்டார்.

"முன்னாடி நல்ல தண்ணிதான்னு எப்படிம்மா சொல்றீங்க?"

"குடிச்சிருக்கேன்ய்யா. நாக்குக்குத் தெரியாதா?"

"நாக்கெல்லாம் ஆதாரம் ஆகாது. எழுத்துல இருக்கா?"

"எழுதினேன்ய்யா. வாரா வாரம் எழுதினேன்."

"எங்க?"

கருத்தம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, எடுத்துச் சொல்லேன் என்பது போல. நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பண்ணை ஆள் ஒருவர் சிரித்தார். ஆதாரமற்ற வாய்மொழி என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் பொன்னுச்சாமி டீக்கடைக்கு ஒதுங்கியதும் சொன்னேன்.

"அத்தை, கரண்டு போகல. நான்தான் அழிச்சேன். வெறும் இடம்னு நெனச்சுட்டேன்."

அவர் ரோட்டுக்கு அந்தப்பக்கம் கிடந்த காட்டைப் பார்த்தார்.

"புழுதியில வெதச்சுப்போட்டு மழைக்குக் காத்துக் கெடக்குற வயலும் வெறுங்காடாத்தான் தெரியும். நம்ம ஊர்ல எவனாவது கேக்காம அதுல ஏரப் பூட்டுவானா? ஏரு புடிக்கிற சம்சாரி மகன்தானலே நீயி."

"தப்புதான் அத்தை."

"அழிச்சத விடு. அது தெரியாமச் செஞ்சது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"எழுதுனது நெசந்தான், நான்தான் அழிச்சேன்னு அங்கன எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லிருந்தா, அம்புட்டுப் பேரு முன்னால நான் பொய்க்காரியா நின்னிருக்க மாட்டேன்லலே?"

பஸ் வந்ததும் அவர் முன்பக்கம் ஏறிக்கொண்டார். நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை.