கேட்டுக்குப் போன கட்டிங் மாஸ்டர்

இருபது வருஷமாகச் சட்டைத் துணி வெட்டிய கட்டிங் மாஸ்டர், அதே கம்பெனி வாசலில் இப்போது விசிலும் கையுமாக நிற்கிறார். "இந்தத் துணி சுருங்கும் சார், நனைச்சுக் காயவச்சுதான் வெட்டணும்" என்று முதலாளியிடம் வாயைக் கொடுத்ததுதான் அவர் செய்த குற்றம்.

"அதெல்லாம் சுருங்காது" என்றார் முதலாளி. அவருடைய மச்சானும் மேனேஜரும் மண்டையை மண்டையை ஆட்டினார்கள். மறுநாளே மாஸ்டருக்குக் காக்கிச் சட்டை மாட்டி வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நேற்று, ஒரே சலவையில் சின்னப் பிள்ளை அளவுக்குச் சுருங்கிப்போன சட்டைகள் ஒரு லாரி நிறையத் திரும்பி வந்தன. வாசலில் காரை நிறுத்திய முதலாளி, "இத்தனை பேர் இருந்தும் ஒருத்தனும் சொல்லலியேய்யா!" என்று மாஸ்டரிடமே புலம்பினார்.

"சொன்னவன்தான் சார் இங்க கேட் திறந்துகிட்டு இருக்கேன்."

"திமிரப் பாத்தீங்களா மாமா?" என்றான் பின்சீட்டிலிருந்த மச்சான்.

முதலாளி மண்டையை ஆட்டினார்.