வீரம்மாவின் மாற்றுத்துணி

வீரம்மா என்ற பெயரைக் கோமதி முதன்முதலில் கேட்டது தன் நிச்சயதார்த்தத்தன்று. கிள்ளானில், பெண் வீட்டில், தாம்பூலம் மாற்றி முடிந்திருந்தது. கொண்டுவந்த தட்டுகளை யார் திரும்பக் கட்டுவது என்று பேச்சு வந்தபோது, மாமியாராகப் போகிற நல்லம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "வீரம்மா இருக்கா. அவ கட்டிருவா."

கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகுதான் ஆளைச் சரியாகப் பார்த்தாள். வீரம்மா வீட்டின் மூத்த மருமகள், கன்னையாவின் மனைவி. கோமதி இளையவன் ஜெயராஜின் மனைவி. அந்த வீட்டில் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான்: வீரம்மா இருக்கா.

எண்பத்து நாலாம் வருஷம், டிசம்பர் லீவு. வேன் பிடித்துக் குடும்பத்தோடு போர்ட்டிக்சன் கடலுக்குப் போவதென்று முடிவாயிற்று. வருஷா வருஷம் போவதுதான்; கோமதிக்கு அதுதான் முதல் தடவை. முதல் நாளே வீரம்மா மூட்டை கட்ட ஆரம்பித்தாள். பாய், தெர்மோஸ், மண்ணெண்ணெய் அடுப்பு, நெத்திலி சம்பல். கட்டிக்கொண்டு போனால் சோறு வேர்த்து நொசநொசத்துவிடும் என்று, கடற்கரையிலேயே பொங்கப் பெரிய சட்டி. கோழிப் பிரட்டலின் மேல் ஒரு கரித்துண்டு. வழியில் காத்துக் கறுப்பு அண்டாமல் இருக்க அது. பிறகு ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் மாற்றுத்துணி, துண்டு. ஒவ்வொரு பையின் வாயிலும் ரப்பர் பேண்டு.

கோமதி எல்லாப் பையையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, உங்க பை எங்க?"

"எனக்கெதுக்கும்மா? நான் சாமான் பாத்துக்கணும்ல."

"கடல்ல எறங்க மாட்டீங்களா?"

நல்லம்மாள் சிரித்தாள். "அவ எறங்கிட்டா சோறு யாரு பொங்குறது? அங்க இருக்கற கொரங்கு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிரும்லா!"

கல்யாணமாகி வந்ததிலிருந்து வருஷம் தவறாமல் கடலுக்குப் போன வீரம்மா, ஒரு தடவைகூடக் காலை நனைத்ததில்லை. என்ன அநியாயம் இது! கோழிக்குப் பேய் பிடிக்கக் கூடாதென்று கரித்துண்டு வைக்கத் தெரிந்த வீட்டில், இவளுக்கு உடுத்த ஒரு கைலி எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கட்டிய புருஷனுக்கே தோன்றவில்லை. மூட்டைகளை நல்லம்மாள் எண்ணிச் சரிபார்ப்பாள் என்பதால், கழுவிக் கவிழ்த்திருந்த சோற்றுச் சட்டிக்குள் வீரம்மாவின் கைலியையும் ரவிக்கையையும் கோமதி வைத்து மூடினாள்.

மறுநாள் போர்ட்டிக்சனில் வேன் நின்றதும் நல்லம்மாளையும் கோமதியையும் தவிர எல்லாரும் தண்ணீருக்கு ஓடினார்கள். வீரம்மா மரத்தடியில் பாயை விரித்தாள், அடுப்பைப் பற்ற வைத்தாள், சட்டியைத் திறந்தாள்.

"சோத்துச் சட்டியில துணியா!" நல்லம்மாள் அலறினாள். "எவ வேல இது?"

"நான்தான் அத்தை," என்றாள் கோமதி. "அக்கா குளிக்கட்டும். சாமான நான் பாத்துக்கறேன்."

வீரம்மா கோமதியைத்தான் முறைத்தாள். "கேக்காம என் துணிய எடுத்தியா நீ?"

கோமதிக்கு முகம் சுண்டிப் போயிற்று. அந்த நேரம் பார்த்துத் தண்ணீருக்குள் நின்றபடி கன்னையா கத்தினார்: "வீரம்மா! அந்தத் துண்டக் கொண்டா!"

வீரம்மா அவரைப் பார்த்தாள். கையிலிருந்த கைலியைப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் துணி கட்டுனேன்," என்றாள். "இந்த மனுஷனுக்குத் தோணல, சரி. எனக்கே தோணல பாரு கோமதி. அதான் எனக்கு ஆத்திரமா வருது." பிறகு கடலைப் பார்த்துக் கத்தினாள். "துண்டு வேணும்னா இங்க வந்து எடுத்துக்குங்க! அப்படியே அரிசியப் போட்டுக் கிளறுங்க!"

கன்னையா சொட்டச் சொட்ட வந்து நின்றார். "எனக்குச் சோறு பொங்கத் தெரியாதே."

"எனக்கும் கடலு தெரியாது. போய்த்தான் பாக்கணும்."

கரண்டியை அவர் கையில் திணித்துவிட்டு, கைலியைக் கோமதி மடியில் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். முழங்கால் தண்ணீர் வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு அலையும் தோளில் மோதிப் போனது. ஜெயராஜ், "அண்ணி, பயமா இருக்கா?" என்று கிண்டலாகக் கேட்டதற்கு, "வாய மூடிட்டுக் குளி" என்றாள்.

கன்னையா ஒரு கையால் கிளறி, மறுகையால் குரங்கை விரட்டினார். சோறு அடிப்பிடித்தது. நல்லம்மாள் தீய்ந்த பருக்கைகளை ஒதுக்கி ஒதுக்கித் தின்றாள். காய்ந்த கைலியில் வந்து உட்கார்ந்த வீரம்மா இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

அடுத்த வருஷமும் மூட்டை கட்டியது வீரம்மாதான். அதெல்லாம் ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் முதலில் கட்டியது தன் பையை.