பாசி மேயும் ஓராவும் என் வலது கையும்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மைசூரு புறநகர்ப் பேருந்து நிலையத்திலிருந்து மங்களூரு பஸ் கிளம்பியது. டிக்கெட் ஆளுக்கு நானூற்றிருபது ரூபாய். தூரம் சுமார் இருநூற்றைம்பது கிலோமீட்டர். என் மடியில் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் ஈரமண்ணும் மண்புழுவும். அதனால் நண்பன் சம்பத் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தான். மேல்கோட்டை ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. முட்டை வாசனைகூட ஆகாது. நஞ்சன்கூட்டில் இருவருக்கும் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலை.

எனக்கு அந்த வேலை இனி உண்டா என்பதுதான் கேள்வி. நாலு மாதம் முன்பு இன்ஜினை ஓடவிட்டு என் பைக் சங்கிலியைத் துடைக்கும்போது வலது கையில் இரண்டு விரல் நுனி போயிற்று. முழுக்க என் மடத்தனம். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பவேண்டும். மெஷினா, கேட்டில் காவலா என்று சூப்பர்வைசர் கேட்பார். சட்டைப் பொத்தான் போடவே தடுமாறுகிறவன் என்ன சொல்வது?

"கொள்ளேகால்ல காவிரியில தூண்டில் போட்டவன்தானேடா? சும்னே வீட்ல கையைப் பாத்துண்டு உக்காராதே, கடலுக்குப் போலாம் வா," என்று இழுத்துவந்தவன் சம்பத்.

மடிக்கேரியில் பனி, சுள்யாவில் இட்லி, ஒன்றரைக்கு மங்களூரு. பந்தர் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பெங்ரேக்குப் படகு பத்து ரூபாய். மூன்று மணிக்குக் கடல்வாயில் கொட்டியிருந்த பாறைகளின்மேல் உட்கார்ந்தோம். சம்பத் தூண்டில் முள்ளைக் கட்டித் தர, நான் இடது கையால் புழுவைக் கோத்தேன். ஒரு மணி நேரத்தில் கிடைத்தது ஒரே ஒரு பேத்தை மீன். வயிற்றை உப்பிக்கொண்டு என்னை முறைத்தது.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த யாகப்பன் டப்பாவை எட்டிப் பார்த்தார். இராமநாதபுரத்துக்காரர், இங்கே விசைப்படகில் வேலை.

"இது ஆத்துக்கு ஆகும்ணே. இங்க பாறையை ஒட்டி நிக்கிறது ஓரா. பாசி மேயுற மீனு. புழுவச் சீண்டாது."

தடித்த தூண்டில் நரம்பையும் பெரிய முள்ளையும் கழற்றச் சொன்னார். மெல்லிய நரம்பு, சுண்டுவிரல் நகமளவு முள், பட்டாணியளவு ஈயம், ஒரு முழம் மேலே தக்கை. பாறையில் வளர்ந்த பச்சைப் பாசியைப் பிய்த்து முள்ளில் சுற்றி, நுனியை மட்டும் ஆட விடவேண்டும்.

"இலை தழை திங்கிற மீனா? அப்ப இரையை நானே தொடுவேன்," என்று சம்பத் உட்கார்ந்தான். செம்புக் கம்பி சுற்றுவதுபோல் அடுக்கடுக்காகச் சுற்றினான். அடுத்தடுத்து இரண்டு ஓரா வந்தன.

"முதுகு முள்ளு விசம்ணே. குத்துனா உயிர் போற மாதிரி கடுக்கும், துணியப் போட்டுப் பிடிங்க," என்று எச்சரித்துவிட்டு யாகப்பன் வீட்டுக்குப் போனார்.

ஐந்தே முக்காலுக்குச் சம்பத் கால் கழுவிக்கொண்டு சந்தியாவந்தனத்துக்குத் தள்ளிப் போனான். அந்த நேரம் பார்த்து என் நரம்பு பாறையில் உரசி அறுந்தது.

அவன் வரும்வரை காத்திருந்திருக்கலாம். என்மேலேயே கோபம் வந்தது. புது முள்ளைப் பேண்ட் மடிப்பில் குத்தி நிறுத்தி, நரம்பைப் பல்லில் கடித்து, மிச்ச விரல்களால் சுற்றினேன். மூன்று தடவை நழுவியது. அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். நாலாவது தடவை முடிச்சு நின்றது. பாசியைச் சுற்றி வீசினேன். பத்து நிமிடத்தில் தக்கை சாய்ந்து உள்ளே போனது. துண்டைப் போட்டு அமுக்கி எடுத்தேன். உள்ளங்கை அகல ஓரா.

திரும்பி வந்த சம்பத் மீனைப் பார்க்கவில்லை, முடிச்சைத்தான் பார்த்தான்.

"யார்டா கட்டினா?"

"நாந்தான்."

"கொஞ்சம் கோணல்," என்றான். இழுத்தும் பார்த்தான், அவிழவில்லை.

அன்றிரவு யாகப்பன் வீட்டில் அவர் மனைவி மூன்று மீனையும் குழம்பு வைத்தார். சம்பத்துக்கு மோரும் சோறும். காவிரியில் கண்டதையும் விழுங்குகிற மீனைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இங்கே மீனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் முள் கட்டவேண்டும்.

ஞாயிறு காலை எட்டு மணி பஸ். படகுகள் கண்ணிலிருந்து மறைந்ததும் சம்பத்திடம் சொன்னேன்: "நாளைக்கு மெஷினுக்கே வர்றேன்னு சொல்லிப்போடறேன்."

"சூப்பர்வைசர்கிட்ட நான் வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நீ மெஷினுக்குத்தான் வருவேன்னு."

"அடப்பாவி, முள்ளுக் கட்ட வராமப் போயிருந்தா?"

"அடுத்த சனிக்கிழமையும் பஸ் இருக்கேடா," என்றான்.