அடியாளின் முத்திரை

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் கிரேக்கம் படித்த ஜெயமலரை 1993இல் ரொறன்ரோ ஆராய்ச்சி நிலையம் ஒன்று ரைப் அடிக்கத்தான் வேலைக்கு எடுத்தது. நேர்முகத்தில் அவளுடைய பட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நிமிடத்துக்கு எத்தனை சொல் அடிப்பாய் என்று மட்டும் கேட்டார்கள்.

அங்கே இழுப்பறைகள் நிறைய பைசாந்திய காலத்து ஈய முத்திரைகள். ஆயிரம் வருடத்துக்கு முன் கிறிஸ்தவ மடங்களின் தலைவர்கள் கடிதத்தை நூலால் கட்டி, நூலோடு சேர்த்து ஈய வில்லையை நசுக்கிப் பெயர் பதித்திருந்தார்கள். கடிதங்கள் மக்கிப்போய்விட்டன, ஈயம் மிஞ்சியது. கலாநிதி றொபேட் அவற்றை வாசித்துக் கையால் எழுதிக் கொடுப்பார். அவள் கணினியில் ஏற்றுவாள்.

1996 மாசியில் ஒரு முத்திரை. பெயர் இருந்த இடம் உடைந்திருந்தது. ‘மடத்துத் தலைவர்’ என்று றொபேட் எழுதியிருந்தார். ஜெயமலர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். ‘ஆண்டவரே, உமது அடியாளுக்குத் துணை நில்லும்.’ அடியானுக்கு அல்ல, அடியாளுக்கு. கிரேக்கத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்துக் காட்டும் கடைசி எழுத்து பளிச்சென்று நின்றது.

“இது பெண். மடத்துத் தலைவி,” என்று சொல்லி, தன் வாசிப்பை ஒரு தாளில் எழுதி நீட்டினாள்.

றொபேட் முத்திரையைத் தொடவேயில்லை. தாளில் ‘இல்லை’ என்று கிறுக்கித் திருப்பிக் கொடுத்தார். “தேய்ந்த ஈயத்தில் எதுவும் தெரியும். நீங்கள் உள்ளதை உள்ளபடி அடியுங்கள், போதும்.”

அடித்தாள். புரட்டாதியில் அந்த முத்திரைகளைப் பற்றிய றொபேட்டின் புத்தகம் வந்தது. அந்த முத்திரை இருந்த பக்கத்தைப் புரட்டினாள். ‘மடத்துத் தலைவி’ என்றிருந்தது. கீழே நீண்ட குறிப்பு: ஆண் என்று கருதப்பட்ட இம்முத்திரையை நானே மறுபடி வாசித்துத் திருத்தினேன். நன்றியுரையில் படம் பிடித்தவருக்குப் பெயர் இருந்தது, நூலகருக்கு இருந்தது. அவள் வெறும் ‘ரைப் உதவி’.

“விடுமப்பா, உவங்களோட மல்லுக்கட்டி என்ன கிடைக்கப்போகுது?” என்றான் கணவன் பஸ்ரியன்.

“என்னத்தை விடுறது? அந்த மனுசியை ஆம்பிளை எண்டு எழுதினவர் அவர். பொம்பிளை எண்டு கண்டுபிடிச்சது நான். இப்ப நான் இல்லாத ஆளாம்! எனக்குப் பத்தி எரியுது.”

மறுநாள் காலை அந்தத் தாளோடு இயக்குநரின் அறைக்குப் போனாள். றொபேட்டும் வந்தார். தனக்கு ஞாபகமில்லை என்றார்.

“இது உங்கள் கையெழுத்துத்தானே?” என்று தாளை மேசையில் வைத்தாள்.

றொபேட் ஜன்னலைப் பார்த்தார். இயக்குநர் தாளை அவள் பக்கம் தள்ளினார். “நீங்கள் ரைப்பிஸ்ற். அடுத்த பதிப்பு வந்தால் யோசிக்கலாம்.”

“ரைப்பிஸ்றுக்குக் கிரேக்கம் தெரியக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?”

புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் கைவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். மார்கழியோடு வேலை போயிற்று.

ஸ்காபரோவில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக நூலகத்தில் அதே புத்தகத்தைப் பிரித்து, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆண் என்று அச்சாகியிருந்த முத்திரைகளில் இன்னும் இரண்டு பெண்களுடையவை. கோபம் ஆறாமலே அதைக் கட்டுரையாக எழுதினாள். ஐரோப்பிய ஆய்விதழ் ஒன்று 1998இல் அவளுடைய முழுப்பெயரோடு அதை வெளியிட்டது, மூன்று பக்கம்.

ஒரு பிரதியை இயக்குநருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். கிடைத்ததாக அவர் கையொப்பமிட்ட துண்டு மட்டும் திரும்பி வந்தது.