கேஸ் நிற்கவில்லை

எங்கள் அப்பா சங்கரன்கோவிலில் வக்கீல் குமாஸ்தா. வக்கீலைவிடத் தனக்குச் சட்டம் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும் என்பது அவர் எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான். எட்டு வயதுப் பெண்பிள்ளை அப்பாவை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

அம்மாவின் அக்கா சிவகிரியில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், தங்கையைப் பார்க்கவேண்டும் என்று ஒரே அரற்றல் என ஒருநாள் சாயங்காலம் ஆள் வந்து சொன்னான். தாயில்லாத அம்மாவை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அந்தப் பெரியம்மாதான். அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்பா அப்போதே ஓடிப்போய் மறுநாள் காலைக்கு ஒரு பிளஷர் கார் பேசிவிட்டு வந்தார். அதுவரைக்கும் அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பேச்சோடு விட்டுவர அவருக்கு மனம் வரவில்லை. 'சிவகிரியில் வீட்டு வாசலில் கொண்டு சேர்ப்பேன்' என்று டிரைவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்.

அது யுத்த காலம். பெட்ரோலுக்குப் பங்கீடு. காருக்குப் பின்னால் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, அதில் வரும் கேஸில்தான் ஓட்டினார்கள். எங்கள் கார் புளியங்குடியைத் தாண்டியதும் ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோயிற்று. டிரைவர் அடுப்பைக் கிண்டினார், ஊதினார், முகமெல்லாம் கரியாக வந்து நின்றார்.

"கேஸ் நிக்காது அண்ணாச்சி" என்றார்.

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கேஸ் நிக்காதா? எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கேன் வே. நிக்குமா நிக்காதான்னு கோர்ட்டில வந்து பாரும்!"

டிரைவர் பாவம், அடுப்பைக் காட்டிக் காட்டி விளக்கினார். அப்பாவுக்கு விஷயம் புரியத்தான் செய்தது. ஆனால் எடுத்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? காகிதத்தை எடுத்து உரக்க வாசித்தார்.

ஒன்பது மணி வாக்கில் தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ் வந்தது. சிவகிரி வழியாகத்தான் போகும். டிரைவரே கைகாட்டி நிறுத்தினார். "மதினியையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு இதில போயிருங்க அண்ணாச்சி. ஒரு மணி நேரத்தில சேர்ந்திருவீங்க. வாங்கின வாடகையை நான் திருப்பிக் கொடுத்திருதேன்."

அம்மா கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

"எறங்காத" என்றார் அப்பா. "நாமளா எறங்கினா கேஸ் போச்சு. பாதி வழியில அவங்களாத்தான் போனாங்கன்னு சொல்லிருவான்."

"எங்க அக்கா மொகத்தைப் பாக்கணும். கேஸும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், போயிருவமே" என்றாள் அம்மா. அவள் அப்பாவிடம் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"காலை உள்ள எடு."

கண்டக்டர் ரெண்டு தரம் விசில் ஊதினார். அம்மா காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

பிறகு டிரைவர் எங்கேயோ போய் ஒரு ஜோடி உழவுமாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். வடத்தைக் கட்டி மாடுகள் காரை இழுத்தன. நாங்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். வாசுதேவநல்லூரில் சனம் கடையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தது. எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. தேரில் போகிற அம்மன் மாதிரி எல்லாருக்கும் கையாட்டிக்கொண்டே போனேன். அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு குனிந்தே இருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு மேலே மாடுகள் எங்களைப் பெரியம்மா வீட்டு வாசலிலேயே கொண்டு நிறுத்தின. எழுதியது எழுதியபடி. அப்பா காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். உள்ளேயிருந்து ஒப்பாரி கேட்டது.

"மத்தியானம் வரைக்கும் உன் பேரைத்தானேட்டி சொல்லிக்கிட்டு கெடந்தா" என்று யாரோ அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பா காகிதத்தை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். சட்டைப் பையில் வைக்கவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பஸ்ஸில் திரும்பினோம். அந்தப் பதினாறு நாளும் அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்றார்கள். சங்கரன்கோவில் வந்து எல்லாரும் இறங்கியாயிற்று. அம்மா மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. அப்பா கீழே நின்றுகொண்டு, "ஊர் வந்தாச்சு, எறங்கு" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். "எறங்கலாமா? எறங்கினா கேஸ் போயிராதுல்லா?" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இத்தனை நாள் கழித்து அம்மா வேடிக்கை பேசுகிறாளே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பாவும் சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் ஏன் எங்கள் பெட்டியைக்கூட எடுக்காமல் விறுவிறுவென்று முன்னால் நடந்துபோனார் என்று எனக்கு விளங்கவில்லை.